மணல் பூமியில் உறைக்கிணறு: நாமே இறக்கும் முறை

இந்த வழிகாட்டி எல்லா ஊருக்கும் பொருந்தாது. சென்னையின் தெற்குப் பகுதியில் திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல் பட்டையை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் மண்ணும் இதே மாதிரி மணலாகவோ மணல் கலந்த சவுடாகவோ இருந்து, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் கோடையிலும் 15, 20 அடிக்குள் தண்ணீர் தெரிகிறது என்றால் மேலே படியுங்கள். நாலு அடியில் பாறை தட்டும் இடத்தில் இருப்பவர்களுக்கும், கடப்பாரை இறங்காத கெட்டிக் களிமண்காரர்களுக்கும் இந்த முறை உதவாது.

மணலில் கிணறு தோண்டுவது எளிது. சரியான ஆழத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் கிணற்றுச் சுவராக அடுக்கும் சிமெண்ட் வளையங்களான உறைகளை இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று இறக்கிக்கொண்டே போவார்கள். கடலோரத்தில் அந்த ஆசைக்கு உப்புதான் விலை. மழை கொடுத்த நல்ல தண்ணீர், கனமான கடல் நீரின் மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரால் வழங்கும் பழைய கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓயாமல் இறைத்து மேல் மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழே உப்பு நீர் அதே விகிதத்தில் ஏறி வரப் பார்க்கும். அதனால்தான் இங்கே ஆழமான போர்வெல்லைவிட அகலமான, ஆழம் குறைந்த கிணறு நல்லது என்கிறேன். கிணறு சுற்றிலுமிருந்து மெதுவாக வாங்கிச் சேர்த்து வைக்கும். போர்வெல் ஒரே இடத்திலிருந்து உறிஞ்சும்.

எப்போது தோண்டுவது

மே மாதம் முதல் செப்டம்பருக்குள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நிலத்தடி நீர் ஆகக் கீழே கிடக்கும் காலம் இது. டிசம்பரில் 5 அடியில் தண்ணீர் பார்த்துவிட்டு 10 அடியோடு நிறுத்தினால் அடுத்த கோடையில் கிணற்றில் காய்ந்த மணல்தான் இருக்கும். கோடையில் தோண்டி, அந்த அடிமட்டத்துக்குக் கீழே 5, 6 அடி தண்ணீர் நிற்கும்படி செய்தால் வருடம் முழுக்கக் கவலையில்லை.

தோண்டுமுன் பக்கத்து வீட்டுக் கிணறுகளில் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று கிணறுகளின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் அதை நம்பலாம். சந்தேகம் இருந்தால் கைபோர் போடுகிறவரை அழைத்து ஒரு சோதனைத் துளை போடச் சொல்லுங்கள். எத்தனை அடியில் மணல் மாறுகிறது, களிமண் அடுக்கு எங்கே வருகிறது, தண்ணீரின் ருசி என்ன என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைக் கூப்பிடுவது உங்கள் இஷ்டம். இந்த மணல் பட்டையில் தேங்காய் எங்கே எழுந்து நின்றாலும் கீழே தண்ணீர் இருக்கத்தான் செய்யும்.

அனுமதியை மறக்க வேண்டாம். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள அறிவிக்கப்பட்ட கிராமங்களிலும் கிணறு தோண்ட அனுமதி பெற வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இடம்

வீட்டு மனையில் இடம் தேடுவது பெரும்பாலும் செப்டிக் டேங்கை விட்டு விலகி ஓடும் வேலைதான். 15 மீட்டர், அதாவது 50 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அரை கிரவுண்டு மனையில் அது நடக்காது. உங்கள் செப்டிக் டேங்கைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரருடையது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒட்டியே இருக்கும். ஆகவே மதிலுக்கு அப்பாலும் எட்டிப் பாருங்கள். மேட்டு மணலிலிருந்து தாழ்வை நோக்கித்தான் நிலத்தடி நீர் பொதுவாக நகரும், அதனால் செப்டிக் டேங்குக்கு மேட்டுப் பக்கமாகக் கிணறு வருவது நல்லது. இடைவெளி போதவில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க, செடிக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டாம்.

வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் மதில் சுவரிலிருந்தும் குறைந்தது 10 அடியாவது தள்ளியிருக்கட்டும். இதன் காரணம் மணல் ஊற்று பற்றிச் சொல்லும்போது புரியும்.

உறையும் கருவிகளும்

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் சிமெண்ட் உறைகளை அடுக்கி வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 அடி உயரம், 2 அங்குலத் தடிமன், விட்டம் 3 அடி, 4 அடி, 5 அடி என்று கிடைக்கும். கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகளும் இதே வேலையைத்தான் செய்தன.

விலையைப் பார்த்து 3 அடி உறை வாங்கப் போவீர்கள். 4 அடி வாங்குங்கள். 3 அடிக்குள் ஆள் நிற்கலாம், குனிந்து வெட்ட முடியாது. கொள்ளளவிலும் வித்தியாசம் உண்டு. 3 அடி உறையில் 1 அடி உயரத்துக்கு 200 லிட்டர் நிற்கும், 4 அடி உறையில் 350 லிட்டர். எடைதான் தொல்லை. 3 அடி உறை ஒன்று 110 கிலோ, 4 அடி உறை 145 கிலோ அளவுக்கு வரும். சக்கரம் போல நிமிர்த்தி உருட்டிக்கொண்டு வரலாம், ஆனால் சாய்க்கும்போது மூன்று நான்கு பேர் வேண்டும். விரலை அடியில் கொடுக்காதீர்கள்.

கோடை நீர்மட்டம் 14 அடி என்றால் கிணறு 20 அடி. அதற்கு 20 உறை, தரைக்கு மேலே கைப்பிடிச் சுவருக்கு 3, உடைசலுக்கு 1 அல்லது 2. வண்டியிலிருந்து இறக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல உறை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது டொக்கென்று கேட்கும், அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குட்டைக் கைப்பிடி மண்வெட்டி, கடப்பாரை, இரும்புப் பாண்டு, இரண்டு கனமான வாளி, தடித்த நைலான் கயிறு, கப்பி, ரசமட்டம், தூக்குக்குண்டு, ஏணி. மேலே கப்பி தொங்கவிட மூன்று சவுக்குக் கம்புகளை முக்காலியாகக் கட்டுங்கள். உள்ளே இறங்குபவருக்கு ஹெல்மெட்டும், இடுப்பையும் தோளையும் பிடிக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும். வாரின் கயிறு, வாளிக் கயிற்றிலிருந்து தனியாக இருக்கட்டும்.

மண் எங்கே போகும் என்று இப்போதே யோசியுங்கள். 4 அடி உறையில் 20 அடிக்குத் தோண்டினால் சுமார் 300 கன அடி, அதாவது லாரிக்காரர் கணக்கில் 3 யூனிட் மணல் மேலே வரும். அதைக் கிணற்று வாயிலேயே குவித்தால் அந்தப் பாரமே பள்ளத்தின் விளிம்பைத் தள்ளும். குறைந்தது 6 அடி தள்ளிக் கொட்டுங்கள்.

இறங்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டுப் படிக்காதீர்கள். கிணற்று வேலையில் ஆள் சாவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: மண் சரிவது, காற்று கெடுவது.

ஈர மணல் செங்குத்தாக நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மணல் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் ஈரம்தான். வெயிலில் அது காய்ந்தாலோ, கீழே நீர்மட்டத்தில் முழுக்க நனைந்தாலோ மொத்தமாகச் சரியும். இடுப்புவரை புதைந்தவரைக் கையால் இழுத்து எடுக்க முடியாது. அதனால் உறை இல்லாத பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. முழுக் குழியையும் தோண்டிவிட்டுப் பிறகு உறையை இறக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இங்கே சொல்லும் முறையில் ஆள் எப்போதும் உறைக்கு உள்ளேதான் இருப்பார்.

காற்று விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. கழிவு நீர் கசியும் மண்ணிலும், மக்கிய களிமண் அடுக்கிலும் ஆக்சிஜன் குறைந்து கெட்ட வாயு தங்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கு வழி செய்யும், கார்பன் மோனாக்சைடையோ விளக்கு காட்டவே காட்டாது. வாயு அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொரு முறை இறங்குமுன்பும், வேலை நடக்கும் நேரம் முழுவதும், ஊதுவிசிறியில் நீளக் குழாய் மாட்டிக் கிணற்றின் அடிவரை காற்றைச் செலுத்துங்கள். பெட்ரோல், டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, வாயருகில் வைத்து ஓட்டவும் கூடாது. உள்ளே இருப்பவர் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை என்றால் நீங்கள் குதிக்காதீர்கள். வாரின் கயிற்றால் இழுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவதுதான் இந்த விபத்துகளில் வழக்கம்.

மேலே எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். தனியாக ஒருவர் கிணறு வெட்டும் கதை கேட்க நன்றாக இருக்கும், செய்யக் கூடாது. என்னைக் கேட்டால் முதல் 5, 6 அடியை வீட்டு ஆட்களே வெட்டலாம். அதற்குக் கீழே உள்ளே இறங்கும் வேலைக்கு உறை இறக்கிப் பழகிய ஒருவரைக் கூலிக்கு வையுங்கள். மண் இழுப்பது, உறை ஏற்றுவது, தூக்குக்குண்டு பார்ப்பது என்று மேலே உங்களுக்கு வேலை குறையாது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வாயைக் கனமான பலகையால் மூடி, மேலே பாரம் வைத்து, சுற்றிலும் தடுப்புக் கட்டுங்கள். குழந்தைகள், நாய்கள், இருட்டில் வரும் விருந்தாளி என எல்லோருக்காகவும்தான்.

உறை இறக்குதல்

நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு பிடித்து 5 அடி விட்டத்துக்கு வட்டம் போடுங்கள். 1 அடி ஆழம் வெட்டி அடித்தளத்தைச் சமமாக்குங்கள். முதல் உறையை வைத்து ரசமட்டத்தால் நாலு பக்கமும் பாருங்கள். இந்த முதல் உறை கோணினால் மேலே வரும் இருபதும் கோணும். அதனால் இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. அடி விளிம்பு கூர்மையாக வார்த்த உறை கிடைத்தால் அதை முதலாவதாகப் போடுங்கள், மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கும்.

அதன்மேல் இரண்டாவதை ஏற்றுங்கள். இனி உள்ளிருந்து வெட்ட வேண்டியதுதான். முதலில் நடு மணலை அள்ளுங்கள். பிறகு விளிம்புக்கு அடியில், எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். வடக்கே ஒரு சாண் நீளத்துக்கு எடுத்தால் உடனே தெற்கேயும் ஒரு சாண் நீளத்துக்கு. அடியில் பிடிமானம் போனதும் உறை தன் எடையிலேயே இறங்கும். அது இறங்கும்போது கையும் காலும் விளிம்புக்கு அடியில் இருக்கக் கூடாது. விளிம்புக்குக் கீழே 3, 4 அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பறிக்கவும் வேண்டாம்.

மேல் உறை தரைமட்டத்துக்கு அருகில் வந்ததும் அடுத்ததை உருட்டி ஏற்றுங்கள். இதுதான் இந்த முறையின் அழகு. நூற்றைம்பது கிலோவை ஆழத்துக்குத் தொங்கவிட்டு இறக்கும் வேலையே கிடையாது, எல்லா உறையும் தரையிலேயே ஏறுகிறது. உறை ஏற்றும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு உறைக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், எந்தப் பக்கம் உயரமாக நிற்கிறதோ அதன் அடியில் மணலை எடுங்கள், தானாகச் சமமாகும். கடப்பாரை கொடுத்து நெம்பினால் உறைதான் உடையும். 10, 12 அடிக்கு அப்புறம் சில சமயம் உறை நகராமல் அடம்பிடிக்கும். சுற்றியுள்ள மணலின் பிடிதான் காரணம். எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, வெளிப்பக்கம் சுற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மேல் உறையின்மேல் மணல் மூட்டைகளைச் சமமாக அடுக்குங்கள். இறங்கவில்லையே என்று அடியில் ஆழமாகப் பறித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மொத்தமும் ஒரே குதியில் இறங்கும்.

இணைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோடை நீர்மட்டத்துக்குக் கீழே வரும் உறைகளைக் கலவை பூசாமல் வெறுமனே அடுக்குங்கள், தண்ணீர் இடுக்கு வழியாகவும் வரட்டும். அதற்கு மேலே உள்ள இணைப்புகளை 1:3 சிமெண்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். குறிப்பாக மேல் 10 அடி. மேலே வழியும் அழுக்குத் தண்ணீர் மணலில் வடிகட்டப்படாமல் நேரே உள்ளே புகுவது அந்த இணைப்புகள் வழியாகத்தான். இறக்கும்போது பூசினால் அசைவில் பெயர்ந்துவிடும். எல்லாம் இறங்கி நிலைத்த பிறகு உள்ளிருந்து பூசுவது நல்லது.

தண்ணீர் வந்த பிறகு

முதலில் மணல் கருத்து ஈரமாகும், அப்புறம் காலடியில் கசியும், அப்புறம் கணுக்கால் நனையும். இங்கிருந்துதான் பலர் கெடுக்கிறார்கள். பெரிய மோட்டாரைப் போட்டு ஒட்ட இறைத்துவிட்டு வெட்டினால், வெளியே உயரமாக நிற்கும் தண்ணீர் அடியிலிருந்து மணலையும் தள்ளிக்கொண்டு பொங்கும். இதுதான் மணல் ஊற்று. நீங்கள் ஒரு பாண்டு அள்ளினால் அடியில் ஒரு பாண்டு புதிதாக வந்திருக்கும். கிணறு ஆழமாகாது, சுற்றியுள்ள நிலம்தான் உள்ளே வந்துகொண்டிருக்கும். தரைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகி, சில நாளில் மதில் சுவரில் விரிசல் தெரியும். 10 அடி தள்ளி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே தண்ணீரை முழங்கால் அளவுக்குக் குறைத்துக்கொண்டால் போதும், வற்ற இறைக்க வேண்டாம். வேலை செய்யும்போது மோட்டார் மேலே, ஹோஸ் மட்டும் உள்ளே. மின் இணைப்பில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் கட்டாயம். மணல் பொங்கத் தொடங்கினால் மோட்டாரை நிறுத்தி, ஆளை மேலே ஏற்றி, தண்ணீர் ஏறி நிற்கட்டும் என்று விட்டுவிடுங்கள். உள்ளேயும் வெளியேயும் மட்டம் சமமானால் மணல் அடங்கும். பிறகு வேகத்தைக் குறைத்துத் தொடரலாம். அப்படியும் பொங்கினால் அந்த ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 4 அடி தண்ணீரே 1,400 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி, ஒரு நாளைக்கு வேண்டியது 540 லிட்டர்தான்.

இடையிடையே தண்ணீரை ருசி பாருங்கள், அல்லது கரைந்த உப்பு காட்டும் டிடிஎஸ் கருவியை விடுங்கள். கீழே போகப்போக எண் ஏறினால் அதுவே நிறுத்த வேண்டிய இடம்.

நிறுத்திய பின் அடியில் வடிகட்டி போட வேண்டும். மணலை ஒட்டி முதலில் கழுவிய பருமணல், அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லி, ஒவ்வொன்றும் 4 முதல் 6 அங்குலம். சிறியது கீழே, பெரியது மேலே. தலைகீழாகப் போட்டால் மணல் ஜல்லி இடுக்கில் ஏறி வந்துகொண்டே இருக்கும். நெல்லிக்கட்டை போட்டால் தண்ணீர் இனிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டாம். ஆனால் உப்பு அதனால் குறையாது.

மேல் வேலை

உறைக்கு வெளியே உள்ள இடைவெளியை மணலால் நிரப்பி, மேல் 3 அடியைக் களிமண்ணால் கெட்டியாகத் திமிசு போட்டு இடியுங்கள். தரைக்கு மேலே 3 அடிக் கைப்பிடிச் சுவர், சுற்றிலும் 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த சிமெண்ட் தளம். வாய்க்குப் பூட்டு வைத்த இரும்பு மூடியும் அதனடியில் கொசுவலையும். கொசுவலை அலங்காரத்துக்கு இல்லை. சென்னையில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும்தான் முட்டையிடுகிறது.

மோட்டாரில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. நீர்மட்டம் 25 அடிக்குள் இருப்பதால் தரையில் வைக்கும் அரை குதிரைத்திறன் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் வகை) போதும். தரையிலிருந்து உறிஞ்சும் மோட்டார் நடைமுறையில் அந்த ஆழத்துக்கு மேல் இழுக்காது. உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் மாட்டும் ஃபுட் வால்வு ஜல்லிக்கு 1½ அடி மேலே தொங்கட்டும்.

புதுக் கிணற்றுத் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். தெளியும்வரை விட்டு விட்டு இறைத்துக் கொட்டுங்கள். அப்போதே சுரப்பையும் அளந்துவிடலாம். 2 அடி இறக்கிவிட்டு மோட்டாரை நிறுத்தி, மட்டம் 1 அடி ஏற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 10 நிமிடம் என்றால் மணிக்கு 2,100 லிட்டர் ஊறுகிறது, தாராளம்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். 6 அடி தண்ணீர் நிற்கும் 4 அடிக் கிணற்றுக்குச் சுமார் 400 கிராம். நேராகக் கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் உறைச் சுவரெல்லாம் நனையும்படி ஊற்றுங்கள். முகத்தை வாய்க்கு மேல் நீட்டாதீர்கள், உள்ளே இறங்கவும் கூடாது. 12 மணி நேரம் கழித்து வாசனை போகும்வரை இறைத்துவிடுங்கள், செடிக்கு விட வேண்டாம். இது கிருமிகளுக்கான ஒருமுறை வைத்தியம். செப்டிக் டேங்க் கசிவு தொடர்ந்தால் கிருமியும் தொடரும்.

ஒரு வாரம் கழித்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. முடிவு வந்ததும் முதலில் இரண்டைப் பாருங்கள். 100 மில்லி லிட்டரில் மலம் கலந்ததைக் காட்டும் இ-கோலி கிருமி இருக்கவே கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இறைக்கும்போது தெளிவாக வந்து வாளியில் வைத்ததும் மஞ்சளாகிறது என்றால் இரும்பு. காற்றுப் படும்படி தொட்டியில் கொட்டி, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி தங்கிவிடும்.

கடைசியாக, மாடித் தண்ணீரைக் கிணற்றோடு இணைத்துவிடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் பெய்யும் சென்னையில், வழியில் போவதெல்லாம் போக ஒரு லட்சம் லிட்டர் நிச்சயம். குழாய்க்கும் கிணற்றுக்கும் நடுவே ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி ஒன்று, முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு. அக்டோபருக்கு முன் மாடியைப் பெருக்கி, தொட்டி மணலைக் கழுவிப் போடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் கிணற்றைத் தூர் வாரச் சொல்லுங்கள். அப்போதும் ஊதுவிசிறி, வார், மேலே இரண்டு ஆள் எல்லாம் உண்டு.